பத்து அங்குல வாளும் பத்து விரலும்

எங்கள் சந்தில் மரம் அறுக்கப் பழக ஏழு வருஷம் ஆகும், வாள் தெரிவு செய்ய ஒரு நிமிஷமும் ஆகாது என்றொரு காலம் இருந்தது. இருந்ததே ஒரு வாள். அதுவும் எங்கள் தச்சர் பாஸின் வாள். இப்போது கணக்குத் தலைகீழ். வாளைத் தெரிவு செய்வதற்குள் ஓய்வூதியக்காரன் ஒருவனின் மழைக்காலம் முழுதும் போய்விடுகிறது. பழகுவதற்கோ பன்னிரண்டு நிமிஷ வீடியோ ஒன்று போதுமாம். அதிலும் முதல் மூன்று நிமிஷம் ஷாம்பு விளம்பரம்.

வாள் என்று நான் சொல்வது டேபிள் சோ. ஒரு மேசை, அதன் நடுவில் ஒரு கீறல், கீறலுக்குள்ளிருந்து தலை நீட்டும் பத்து அங்குல வட்ட வாள். கைவாள் மரத்தைத் தேடிப் போகும். இங்கே வாள் நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நாம்தான் மரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கிற கை எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது.

இப்படியொரு யந்திரத்தை வாங்கி வைக்க உலகத்திலேயே பொருத்தமில்லாத இடம் கொழும்பில் எங்கள் ஜிந்துப்பிட்டி. செட்டியார் தெரு நகைக்கடைகளின் வெளிச்சம் ஓய்ந்து கொட்டாஞ்சேனை தொடங்குவதற்கு முன்னால் முருகன் கோயில், அதைச் சுற்றிச் சந்துகள், சந்துகளுக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எட்டடிப் பலகையொன்றை டேபிள் சோவில் நெடுக்காக அறுக்க வாளுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். எங்கள் முன்ஹாலில் அந்தப் பலகையை நீட்டிப் பிடித்தால் ஒரு முனை சாமியறைக்குள் இருக்கும், மறுமுனை சந்தில் போகிறவரின் காதில் இருக்கும். மிச்சமிருந்தது மொட்டைமாடி. தண்ணீர்த் தாங்கி, கொடியில் காயும் சேலைகள், பக்கத்து வீட்டு அன்டெனா, இவற்றுக்கு நடுவே என் தொழிற்சாலை.

பாஸுக்கு மொட்டைமாடியும் இருக்கவில்லை. மொறட்டுவைக்காரர். எங்கள் சந்தில் பெண்ணெடுத்து, எங்கள் சந்துத் தமிழையே பேசிப் பழகியவர். மேசன் பாஸ், பெயின்ட் பாஸ் என்று கொழும்பில் எத்தனையோ பாஸ்மார். எங்களுக்கு வெறுமனே பாஸ் என்றால் அவர்தான். குழாயடிக்கு எதிரே ஒரு தகரச் சாய்ப்பு, அதுவே பட்டறை. இரண்டு சீவுளி, சாக்குத் துணியில் சுருட்டிய உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், வச்சிரம் காய்ச்சும் தகரப்பேணி, அந்த ஒரு வாள். வாள் ஷெஃபீல்டில் செய்தது. எழுபதுகளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். பாணுக்கே வரிசையில் நின்ற நாட்டில் புது வாளுக்கு எங்கே போவது? இருந்ததையே தீட்டித் தீட்டி, நான் பார்க்கும்போது அது பாதி அகலத்துக்குத் தேய்ந்திருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் வாளை இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கி வைத்து முக்கோண அரத்தால் பல் பல்லாக ராவுவார். பிறகு ஒரு பல்லை இந்தப் பக்கம், அடுத்த பல்லை அந்தப் பக்கம் என்று மெல்ல வளைத்துவிடுவார். அப்படி வளைத்தால்தான் வெட்டு வாளின் தகட்டைவிட அகலமாக விழும், வாள் மரத்துக்குள் இறுகாது. அந்தக் கிறீச் சத்தம் தொடங்கினால் சந்து நாய்கள் குழாயடியை விட்டு எழுந்துபோகும். நாங்கள் கிட்டப் போய் உட்காருவோம்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான். முதலில் வளைந்த ஆணிகளை நிமிர்த்தும் உத்தியோகம். அதில் பதவி உயர்வு பெற்றவனுக்கு நூல் பிடிக்கும் வேலை. பழைய டோர்ச் பற்றரியை உடைத்து எடுத்த கரியைத் தண்ணீரில் குழைத்து, நூலை அதில் முக்கி, பலகையின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு சுண்டினால் கறுப்புக் கோடு நேராக விழும். அந்தக் கோட்டின் அகலத்தையே இரண்டாகப் பிளந்துகொண்டு வாள் போக வேண்டும். ஒருநாள் வாளை என் கையில் தந்தார். நான் அழுத்துவதைப் பார்த்துவிட்டு, “வாளுக்குத்தான் பல்லு இருக்கே, நீ ஏன்டா பல்லக் கடிக்கிற?” என்றார். அவர் வாயால் சொன்ன பாடம் அநேகமாக அது ஒன்றுதான். மற்றதெல்லாம் முழங்கையில் விழுந்த தட்டு. முழங்கை விலாவை உரசிப் போக வேண்டும். பெருவிரல் நகத்தில் வாளை அணைத்து முதல் இழுப்பைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மூக்கு கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். நீளப் பலகை என்றால் அறுபட்ட வெட்டு மறுபடி மூடிக்கொண்டு வாளைக் கவ்வாமல் இருக்க, பின்னால் ஒரு சின்ன ஆப்பைச் செருகிக்கொண்டே வர வேண்டும். ஆப்புச் செருகுவது என் பொறுப்பு. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இப்படி ஏழு வருஷம் நின்றால் ஒருவன் அரைப் பாஸ் ஆவான் என்பது அவர் கணக்கு. அவருடைய இடது பெருவிரல் நகத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. அது அவருடைய முதல் வருஷத்துத் தழும்பாம். மற்றபடி கடைசிவரை பத்தும் பத்திரம். நான் அரைப் பாஸ் ஆகாமல், பரீட்சை எழுதித் துறைமுகத்தில் கிளார்க் ஆனேன்.

எங்கள் வீட்டுக்கு அவர் செய்து தந்தது ஒரு பலாமரக் கட்டில், ஓர் அலுமாரி, 1977 ஆகஸ்டுக் கலவரத்துக்குப் பிறகு முன்கதவை உள்ளிருந்து அணைக்க ஒரு குறுக்குச் சட்டம். அந்தச் சட்டம் எவ்வளவு தாங்கும் என்று 1983 ஜூலையில் தெரிந்துகொண்டோம். அதை இந்தக் கட்டுரைக்குள் கொண்டுவரப் போவதில்லை.

அம்மாவுக்கு அந்தக் கட்டிலிலும் அலுமாரியிலும் மனம் ஒட்டவில்லை. புறக்கோட்டை டொன் கரோலிஸில் வாங்கினால்தான் அவருக்குத் தளபாடம். 1860இல் தொடங்கிய பெயர் அது. அநகாரிக தர்மபாலவின் குடும்பத்து வியாபாரம். தர்மபால வீட்டையும் வியாபாரத்தையும் துறந்துபோனார், நாற்காலி விற்பனை துறக்கவில்லை. “காசு உள்ளவங்க கடையில வாங்குறாங்க, இல்லாதவங்க பாஸுக்கிட்ட சொல்லிச் செய்றாங்க” என்பது அம்மாவின் பொருளியல். இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கும் என் மகள் ‘கையால் செய்தது’ என்று சீட்டுக் கட்டிய ஸ்டூல் ஒன்றை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறாள். கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பலகையில் ஒரே இடைவெளியில் வில் வில்லாகக் கோடுகள். கைவாள் விடும் கோடு நேர்க்கோடு. வளைந்த கோடு வட்ட வாளுடையது. மகளிடம் சொல்லவில்லை. சீட்டு அழகாகத்தான் இருந்தது.

பலாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாடு பலாமரத்துக்குக் கொடுக்கும் மரியாதையைப் பலாமரம் நட்டவனுக்குக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘கொஸ் மாமா’ என்று பெயரெடுத்த ஆதர் வி. டயஸ் ஊர் ஊராகப் பலா நடச் சொல்லித் திரிந்தார். 1951இல் மரம் தறிப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. உங்கள் வளவில் நிற்கும் உங்கள் பலாவை நினைத்த நேரத்தில் தறிக்க முடியாது. அனுமதி எடுக்க வேண்டும். ஈரப்பலாவுக்கும் பெண்பனைக்கும் அதே காவல். தறித்த மரத்தை லொறியில் ஏற்ற இன்னொரு கடதாசி. சரி, அந்தப் பலாவைப் பலகையாக்க நிமிஷத்துக்கு 4,800 தரம் சுற்றும் வாளொன்றை வாங்கி, சேலை காயும் மொட்டைமாடியில் வைப்பதற்கு எனக்கு என்னென்ன அனுமதி வேண்டியிருந்தது? ஒரு பிளக்.

பிளக்கும் சும்மா கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் வட்ட முள் 5 அம்பியர், வட்ட முள் 15 அம்பியர், சதுர முள் 13 அம்பியர் என்று மூன்று அரசாங்கங்களின் பிளக் இருக்கிறது. இனி நாட்டுக்கு 13 அம்பியர் சதுர முள் ஒன்றே என்று 2017இல் முடிவெடுத்தார்கள். மாடிக்கு அந்த ஒன்றை இழுப்பதற்குள் வயரிங் பாஸ் ஒருவரின் சிநேகம் கிடைத்தது.

இனித் தெரிவுப் படலம். டேபிள் சோவில் மூன்று சாதி. முதலாவது உள்ளூர் இரும்பு. கோண இரும்பில் ஒட்டிய சட்டம், இரண்டு பெயாரிங்கில் ஒரு தண்டு, கீழே மோட்டார், பெல்ட். தண்டின் நடுவில் சீவும் அலகு, ஓரத்தில் வட்ட வாள். வாளை மூடும் காட் கிடையாது, அவசரத்துக்கு நிறுத்தப் பெரிய சிவப்புப் பொத்தானும் கிடையாது. பஞ்சிகாவத்தையில் வாங்க முடியாத உதிரிப்பாகம் அதில் எதுவுமில்லை, அறுக்கிறவனின் விரலைத் தவிர. இரண்டாவது, பெட்டியில் வரும் சிறிய சோ. ஓர் ஆள் தூக்கலாம். கரித்துண்டு மோட்டார், போட்டால் கோயில் மேளத்தோடு போட்டி போடும். மூன்றாவது, கபினட் சோ. வார்ப்பிரும்பு மேசை, சத்தம் அடக்கமான பெரிய மோட்டார், எடை 200 கிலோவுக்கு மேல். துல்லியத்தில் அதற்கு நிகரில்லை. எங்கள் மாடிப்படி அதைக் கண்டால் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடும்.

பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகளுக்குக் குறைவில்லை. ஒரு கடையில் நானா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வீட்டுப் பாவனைக்கா, தொழிலுக்கா அண்ணே?”

“வீட்டுக்குத்தான் நானா.”

“வீட்டுல என்னா செய்யப் போறீங்க?”

“அலுமாரி.”

“அலுமாரி ரெடிமேடா ஈக்கி. எங்க மச்சான்ட கடையில. காட்டவா?”

வியாபாரத்தில் இவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வாளை மூடும் கண்ணாடிக் காட், வாளுக்குப் பின்னால் நிற்கும் தகடு, மரத்தைத் தள்ளும் பிளாஸ்டிக் குச்சி. எடுத்தவர் அவற்றை மறுபடி பெட்டிக்குள்ளேயே போட்டார். “இதெல்லாம் பெட்டியோட இருக்கட்டும், பாஸ்மார் யாரும் போடுறதில்ல, வேலைக்கு இடைஞ்சல்.” பதிலுக்கு ஒரு சோடிக் கையுறை இலவசமாகத் தந்தார். உலகத்தில் டேபிள் சோவுக்கு அருகில் கொண்டுபோகவே கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது கையுறை. நூல் ஒன்று பல்லில் மாட்டினால் போதும், கையுறை உள்ளே போகும், உள்ளே இருப்பதையும் கூட்டிக்கொண்டு. ஆகக் காக்கிற சாமான் பெட்டிக்குள் போனது, கடிக்க வைக்கிற சாமான் அன்பளிப்பாக வந்தது.

ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் இதற்குள் வட்ஸ்அப்பில் குதித்துவிட்டார். ஜிந்துப்பிட்டியில் இருந்தவரை ஆணியடிக்க என்னைக் கூப்பிட்டவர். இப்போது காரைப் பனியில் நிறுத்திவிட்டுக் கராஜுக்குள் டேபிள் சோ வைத்திருக்கிறார். “அங்க வாங்காதீங்க, நான் ஒண்ணு கப்பல்ல போட்டு விடுறேன்” என்றார். கனடாக் கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நமது கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வரும் வாளுக்குத் துணையாக ஒரு டிரான்ஸ்போமரும் வர வேண்டும் என்றதும் அன்பு சற்றுக் குறைந்து அறிவுரையாக மாறியது. வாங்கினால் ‘சோஸ்டொப்’ வாங்க வேண்டுமாம்.

அது சுவையான கதை. ஸ்டீவ் காஸ் என்று ஓர் அமெரிக்கர். பௌதிகத்தில் கலாநிதி, தொழில் காப்புரிமை வக்கீல், பொழுதுபோக்குத் தச்சு. 1999இல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. உலர்ந்த மரத்தில் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, மனித உடம்பில் ஓடும். வாளில் மெல்லிய சமிக்ஞை ஒன்றை ஓடவிட்டால் தொட்டது மரமா விரலா என்று வாளுக்கே தெரிந்துவிடும். விரல் என்றால் ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து வந்து பல்லுக்குள் சிக்கும். ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்குக்குள் வாள் நின்று, மேசைக்குக் கீழே இறங்கிவிடும். விரலில் கீறல்தான் இருக்கும். வாளும் கட்டையும் குப்பைக்கு. கண்காட்சிகளில் விரலுக்குப் பதில் சொசேஜை வைத்துக் காட்டினார். பிறகு தன் விரலையே வைத்தும் காட்டினார். அமெரிக்காவில் டேபிள் சோவில் அடிபட்டு ஆண்டுக்கு முப்பதாயிரம் பேரளவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று அவர்களுடைய அரசாங்கமே கணக்கு வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் பெரிய கம்பனிகள் அந்தக் கண்டுபிடிப்பை வாங்க முன்வரவில்லை. மனிதர் தானே கம்பனி தொடங்கி 2004இல் சோவை விற்பனைக்கு விட்டார். பிறகு இன்னொரு பெரிய கம்பனி அதே மாதிரி ஒன்றைச் செய்தபோது, வக்கீல் வக்கீலாகி வழக்குப் போட்டு அதை அமெரிக்கச் சந்தையிலிருந்து துரத்தினார். விரல்களைக் காப்பாற்ற வந்தவர், காப்புரிமையை அதைவிடக் கவனமாகக் காப்பாற்றினார்.

வீடியோவை மனைவிக்கும் காட்டினேன். கடைசிவரை பார்த்துவிட்டு, “பாஸோட வாளு விரல்ல பட்டா பாஸே நிறுத்திருவாரு. அதுக்கு அமெரிக்காவுல இருந்து ஆள் வரணுமாங்க?” என்றாள்.

2021 முடிகிற நேரம். டொலர் இல்லை, இறக்குமதிக்கு எல்.சி. திறக்க முடியவில்லை, இனிச் சாமான் வராது என்று எல்லாக் கடையிலும் ஒரே பல்லவி. இரண்டாவது சாதிச் சோ ஒன்றை, நானாவிடமே, இலட்சத்தைத் தாண்டிய விலைக்கு வாங்கினேன். வட்ட வாளைப் பற்றிய என் படிப்பெல்லாம் முடிந்திருந்தது. சாமுவேல் மில்லர் என்ற ஆங்கிலேயர் 1777இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எங்கள் பக்கத்து வுல்பெண்டால் தேவாலயம் திறந்தது 1757இல், அதற்கும் இருபது வருஷம் முந்தி. அங்கே இருக்கும் ஒல்லாந்தர் காலத்துக் கருங்காலி, கலமண்டர் நாற்காலிகளை யாரும் வந்து பார்க்கலாம். கலமண்டர் மரம் காட்டில் இப்போது அருமை. அறுத்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. தள்ளும் குச்சி அவர்களிடம் இருந்திருக்காது, தேவையும் பட்டிருக்காது.

ஆனால் படித்தது அறுப்பதற்கு உதவாது என்பதால் ஒரு குரு தேவைப்பட்டார். அடுத்த சந்தில் பேன்ட்ரி கபட் செய்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். வந்தார். வலது கையை மேசையில் வைத்தார். சுட்டுவிரலில் ஒரு கணு இல்லை.

“இதுக்கு மேல பாடம் வேணுமா அங்கிள்?”

எந்த யந்திரத்தில் போனது என்று கேட்டேன். உள்ளூர் இரும்பு. எப்படி? “கடைசித் துண்டு. எப்பவும் கடைசித் துண்டுதான்.” நாள் முழுக்க ஒழுங்காக அறுத்துவிட்டு, இன்னும் ஒன்றுதானே என்று குச்சியை எடுக்காமல் கையால் தள்ளியது.

பெட்டிக்குள் நானா திருப்பிப் போட்டதையெல்லாம் அவர்தான் வெளியே எடுத்துப் பூட்டினார். பிறகு வாளைக் கையால் மெல்லச் சுற்றிக் காட்டினார். முன்பக்கப் பல் கீழ்நோக்கி இறங்கும், மரத்தை மேசையோடு அழுத்தும். அது நம்ம ஆள். அதே பல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரும்போது மேலே எழும்பும். அதை நம்பக் கூடாது. அறுபட்ட மரம் சற்றுச் சரிந்தாலோ, ஈரப்பலகை முறுக்கி வெட்டு மூடிக்கொண்டாலோ பின்பக்கப் பல் அதைத் தூக்கி அறுக்கிறவனின் வயிற்றுக்கு நேராக எறிந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து அங்குல வாள் 4,800 சுற்றில் ஓடினால் பல்லின் வேகம் மணிக்கு 230 கிலோமீற்றர் அளவில் வரும். மாலிங்கவின் யோர்க்கர் 140ஐத் தொட்டாலே பிரேமதாச மைதானம் எழுந்து நின்ற காலமுண்டு. அங்கே மட்டையாவது கையில் இருந்தது.

இதைத் தடுக்கத்தான் வாளுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் அந்தத் தகடு. வெட்டின் அகலத்தைவிட ஒரு மயிரிழை மெல்லியது, வாளின் தகட்டைவிடக் கொஞ்சம் தடித்தது. அறுபட்ட இரண்டு பக்கமும் சேர்ந்துகொள்ளாமல் நடுவில் நிற்கும். ரைவிங் நைஃப் என்றார் தம்பி. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாஸின் ஆப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் செருகிய அதே ஆப்பு, இரும்பில், சம்பளமில்லாமல், களைக்காமல் நிற்கிறது. என் பழைய உத்தியோகத்தை அவர்கள் யந்திரமாக்கியிருக்கிறார்கள். நம் பட்டறைகளில் முதலில் கழற்றி வீசுவதும் அதைத்தான்.

மற்றவை சுருக்கமானவை. மரத்தை ஒட்டித் தள்ளும் பக்கத்துச் சட்டம் வாளுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். பின்முனை வாளை நோக்கி அரை மில்லிமீற்றர் சாய்ந்தாலும் மரம் நெரிபடும். வாளுக்கு நேர் முன்னால் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். குறுக்காக அறுக்கும்போது பக்கத்துச் சட்டத்தில் துண்டை முட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய துண்டு பறக்கும். நெடுக்கு வெட்டுக்கு 24 பல் வாள், குறுக்கு வெட்டுக்கு 60க்கு மேல். சாரம் கட்டிக்கொண்டு அறுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி பாஸை வாழ்நாள் முழுக்க வேலையில்லாதவராக்கியிருக்கும்.

பிறகு தம்பி, “ஒருக்கா பாத்துட்டா மறக்க மாட்டீங்க” என்று என்னைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போகச் சொன்னார். பின்தகட்டைக் கழற்றினார். பக்கத்தில் ஒதுங்கி நின்று, நீளமான கழியொன்றால் சிறு பலகைத் துண்டை வேண்டுமென்றே சரித்துத் தள்ளினார். துண்டு மேசையில் இருந்தது. அடுத்த கணம் இல்லை. எங்கே என்று தேடினால் கைப்பிடிச் சுவரில் சாந்து பெயர்ந்திருந்தது. கீழே சந்தில் யாரோ மேலே பார்த்து எங்கள் இருவர் குடும்பத்தையும் விசாரித்தார்கள்.

அவர் கற்றுத்தந்ததில் எனக்குப் பிடித்தது வேறொன்று. “சத்தத்தக் கேளுங்க அங்கிள். மரம் இறுகினா மோட்டார் சத்தம் இறங்கும். கண்ணுக்குத் தெரியிறதுக்கு முந்தி காதுக்குத் தெரியும்.” காதடைப்பான் போட்டாலும் அது கேட்கிறது; தொனி இறங்கும்போது உள்ளங்கைக்கும் தெரிகிறது. ஜனவரி முழுக்க அந்தத் தொனியைப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். வெள்ளை எம்.டி.எஃப். பலகையில் ஓர் அடுக்குத் தட்டு, மகோகனியில் ஒரு குட்டி மேசை. சாவகாசமாகச் செய்ய அலுமாரிக்கென்று நல்ல பலாப்பலகையும் மரக்காலையில் வாங்கி அடுக்கி வைத்தேன்.

பெப்ரவரியில் கரண்ட் போகத் தொடங்கியது. மின்சார சபை நாட்டை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று அட்டவணை விட்டது. மார்ச் முடிவில் அது நாளுக்கு 13 மணித்தியாலம் ஆனது. நவீன யுகத்தின் வாள், தலையை மேசைக்கு வெளியே நீட்டியபடி, சேலை காயப்போட ஒரு நல்ல மேடையானது. காஸும் இல்லை. சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கி வந்த நாட்கள்.

அப்போதுதான் மூன்றாவது வீட்டு அக்கா மாடிக்கு ஏறி வந்தார். எழுபதைத் தாண்டியவர். கையில் ஒரு தகர வாளி, ஒரு வெறும் போத்தல். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் சின்ன வயதில் சந்தில் பாதி வீடுகளில் எரிந்தது மரத்தூள் அடுப்பு. வாளியின் அடிப்பக்கத்தில் ஒரு துளை. அதன் வழியே ஒரு கட்டையைச் செருகி, நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டு இறுக்கி இறுக்கி அடைக்க வேண்டும். பிறகு போத்தலைத் திருகி உருவினால் நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு குழி. கீழ்த் துளையால் நெருப்பு வைத்தால் சத்தமில்லாமல் மணிக்கணக்கில் எரியும். ஒரு சோறு, இரண்டு கறி, கடைசியில் குளிக்க வெந்நீர். பாஸின் சாய்ப்பில் பலகைக்கு ஆள் வராத நாளிலும் தூளுக்கு ஆள் வரும்.

மூலையில் இருந்த வெள்ளைத் தூளை அக்கா அள்ளிப் போனார். அரை மணியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தார். எம்.டி.எஃப். தூளில் மரத்தோடு பசையும் கலந்திருக்கும். எரித்தால் ஆகாத புகை. அதைச் சொல்லி நிறுத்துவதற்குள் அவர் வாளியை மூட்டிவிட்டிருந்தார்.

வீட்டில் கிடந்த கைவாளை எடுத்துப் பலாத் துண்டொன்றை அறுத்தேன். முழங்கை தானாகவே விலாவுக்குப் போனது. அக்கா பக்கத்தில் குந்தியிருந்து, கீழே விழும் மஞ்சள் தூளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுல தூள் சேந்து, அடுப்பு எரிஞ்சு, எப்ப தம்பி சோறு? அந்த மெசினப் போடு.”

“கரண்ட் இல்லையே அக்கா.”

“காலையில எட்டரைக்கு வருதாம், பேரன் போன்ல பாத்தான். பத்தரை வரைக்கும் இருக்கும். அந்தா அடுக்கி வச்சிருக்கியே பலா, அதையே அறு.”

“அது அலுமாரிக்கு வச்சிருக்கிறது அக்கா.”

“அலுமாரிக்குள்ள வைக்க என்னா இருக்கு இப்ப?”

மறுநாள் எட்டரைக்குக் கரண்ட் வந்தது. காட் போட்டு, பின்தகடு பார்த்து, இடப்பக்கம் ஒதுங்கி நின்று சுவிட்சைத் தட்டினேன். படியில் அக்காவோடு இன்னும் நாலைந்து பேர் வாளிகளோடு நின்றார்கள். எத்தனை அங்குலத்துக்கு அறுக்க என்று, பழக்க தோஷத்தில், திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

“அங்குலம் என்னத்துக்கு? ரெண்டு வாளிக்கு அறு.”